இரண்டு பேருக்கும் செங்கல் நிறம்

"இன்னா டாக்டரே, அவளுக்கு ஊசி, எனக்குப் பட்டினியா?"

காட்டுப்பாக்கம் ஜானகிராம நாயக்கர் போட்ட சத்தத்தில், மருந்துக்கு நின்ற வரிசையே திரும்பிப் பார்த்தது.

பூந்தமல்லியில் ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரி. நாகேந்திரன்தான் டாக்டர். நான் கம்பவுண்டர். யுத்த காலம். சர்க்கரை வியாதியைக் கண்டுபிடிக்க எங்களிடம் இருந்தது ஒரு ஸ்பிரிட் விளக்கும் ஒரு நீலத் திரவமும்தான். அதில் சில சொட்டு சிறுநீரை விட்டுக் காய்ச்சினால் நீலம் பச்சையாகும், மஞ்சளாகும். சர்க்கரை ரொம்ப அதிகமென்றால் செங்கல் நிறம். காய்ச்சிய கண்ணாடிக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து டாக்டர் ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாரே, அது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது.

அன்றைக்கு நாயக்கருக்கும் செங்கல் நிறம். ஐயப்பன்தாங்கல் வேம்புலியம்மாளுக்கும் செங்கல் நிறம்.

"ரெண்டும் ஒரே கலருதானே? நானும்தான் பாத்தேன்!" நாயக்கர் விடவில்லை. "நடவுக்கு வர்ற பொம்பளைக்கு உசந்த மருந்து. எனக்கு அரை வயித்துக் கூழு. அதுவும் பத்தாம, காலையில ஊரைச் சுத்தி நடக்கணுமாம்!"

டாக்டர் கோபப்படவில்லை.

"பேர் ஒண்ணுதான் நாயக்கரே, வியாதி ரெண்டு. உங்களுக்கு அம்பத்தஞ்சு வயசு, கனத்த சரீரம். மெதுவா வந்தது. உடம்பைக் குறைச்சா அடங்கும். இந்தப் பொண்ணு ரெண்டே மாசத்துல பாதியா உருகிட்டா. வியாதி முத்திப்போய் மூச்சுல பழ வாசனை அடிக்குது. இந்த வகை சின்னப் பசங்களுக்குத்தான் வரும், முப்பது வயசுல வராதுன்னு நானே முதல்ல ஏமாந்து பத்தியம் சொல்லி அனுப்பினேன். மயங்கி விழுந்த பிறகுதான் புரிஞ்சது. ஊசி இல்லேன்னா இவ பிழைக்க மாட்டா."

"கதை வுடாதீங்க. பட்டணத்துல பெரிய டாக்டராண்டயே போய் உங்க மேல சொல்றேன்!"

நாயக்கர் துண்டை உதறிக்கொண்டு போனார். வேம்புலியம்மாள் தலை நிமிரவே இல்லை.

அடுத்த வாரம் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியது. வேம்புலியம்மாளுக்குப் போடும் இன்சுலின் ஊசி மருந்து எங்களிடம் இரண்டு நாளைக்குத்தான் இருந்தது. டாக்டர் என்னைப் பட்டணத்துக்கு அனுப்பினார். வழக்கமாக வாங்கும் மருந்துக்கடையில் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நேத்தே ஒருத்தர் வந்து இருந்த புட்டி அத்தனையும் வாரிகினு போயிட்டாரேப்பா. காட்டுப்பாக்கம் நாயக்கராம்."

நான் வந்து சொன்னதும் டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "தனக்கு வேண்டாத மருந்தைப் பதுக்கி ஒரு உயிரைக் கொல்றாரே! எடுய்யா சைக்கிளை."

அவரைக் கேரியரில் வைத்துக் காட்டுப்பாக்கத்துக்கு மிதித்தேன். வழி நெடுக நாயக்கரை நான் திட்டாத திட்டில்லை.

வீட்டு வாசலில் நாயக்கர் சம்சாரம் பூங்காவனம் நெல் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கேம்மா உங்க வீட்டுக்காரர்? பட்டணத்துலேர்ந்து கொண்டாந்த ஊசி மருந்தெல்லாம் எங்கே?"

டாக்டர் குரலைக் கேட்டு அவள் எழுந்து நின்றாள்.

"உங்க மேல புகார் சொல்லத்தாங்க பட்டணம் போனாரு. அந்தப் பெரிய டாக்டரும் நீங்க சொன்னதையே சொன்னாராம். அந்தப் பொம்பளைக்கு ஊசி இல்லாட்டி உயிரே போயிடும்னாராம். மருந்துக் கடைய மூடப் போறாங்கன்னு கேட்டதும் இருந்ததையெல்லாம் வாங்கியாந்துட்டாரு. சூட்டுல கெட்டுப்போவுமேன்னு ஈரமணல் சட்டியில புதைச்சு வச்சிருந்தாரு."

"எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"அத்தினி பேர் எதிர்ல அப்படிப் பேசிட்டு, உங்க மூஞ்சியில முழிக்க வெக்கமா கீதுன்னாரு. நீங்க இல்லாத நேரமா பாத்து ஆஸ்பத்திரியில வச்சிட்டு வரேன்னு, இப்பதான் சட்டியைத் தூக்கினு வயக்காட்டு வழியா போனாரு."

அந்தப் புட்டிகள்தான் சீமையிலிருந்து அடுத்த மருந்துக் கப்பல் வரும்வரை வேம்புலியம்மாளைக் காப்பாற்றின. அதெல்லாம் பிறகு.

நான் அவசரமாகச் சைக்கிளைத் திருப்பினேன். "ஏறுங்க டாக்டர், குறுக்கே போய்ப் பிடிச்சுடலாம்."

டாக்டர் நெல்லை மிதிக்காமல் ஓரமாகப் போய் நிழலில் உட்கார்ந்தார்.

"அம்மா, எங்க ரெண்டு பேருக்கும் மோர் குடுங்க. அவர் வச்சிட்டுக் கிளம்பற வரைக்கும் நாங்க ஆஸ்பத்திரிப் பக்கம் போகக் கூடாது."