அறுபதைத் தொடாதவர்கள்

மேடை ஏறும்போதே ரமாபாய் இருமினாள். முன்வரிசையில் ஒருவர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

திருவொற்றியூரில் கவியரங்கம். தலைப்பு, மரணம். தலைமை, கவிஞர் செங்குட்டுவன். அண்ணா நகரிலிருந்து காரில் வந்திருந்தார். சாவின் முன் ஏழையும் செல்வனும் சமம் என்று சற்று முன்புதான் அவர் பாடி, கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

ரமாபாய் இருபது வருஷம் ரசாயன மூட்டை தூக்கியவள். நுரையீரல் பாதிதான் மிச்சம் என்று போன மாதம் டாக்டர் சொல்லிவிட்டார். யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்று நோட்டீஸில் போட்டிருந்ததால் பெயர் கொடுத்திருந்தாள்.

தாளைப் பிரித்தாள்.

"விம்கோ நகர், மூணாவது சந்து. அறுபதத் தொடாம போனவங்க. எத்திராஜ், நாப்பத்தொண்ணு. சொக்கம்மாள், அம்பது. ரசூல் பீவி, முப்பத்தாறு..."

பதினோரு பெயர் வாசித்ததும் செங்குட்டுவன் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"அம்மா, இது கவிதை அன்று, பட்டியல். கவிதைக்கு உவமை வேண்டும், நயம் வேண்டும். அடுத்தவருக்கு வழிவிடுங்கள்."

சிலர் சிரித்தார்கள். ரமாபாய்க்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இறங்கிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். கால் நகரவில்லை.

"எம்பது வயசுல ஏசி ரூம்புல போறவர எழுதுனா கவித. எங்காளுங்கள எழுதுனா லிஸ்ட்டா சார்?"

சிரிப்பு நின்றது.

"எல்லாருக்கும் சமம்னீங்க. எங்க சந்துல வந்து அதச் சொல்லுங்க. இன்னும் ஒரு பேரு கீது, படிச்சிட்டுதான் எறங்குவேன்."

மூச்சு வாங்கிக்கொண்டு வாசித்தாள்.

"ரமாபாய். நாப்பத்தாறு நடக்குது. முடியிற வயச அப்பால எழுதிக்கலாம். இப்ப அவசரமில்ல."

ஒருவரும் கைதட்டவில்லை. அவள் தாளை மடித்துக்கொண்டு படியில் கால் வைத்தாள்.

"இரும்மா."

செங்குட்டுவன் எழுந்து நின்றிருந்தார். மைக் அவர் கையில்தான் இருந்தது. மேடைத் தமிழைத்தான் காணோம்.

"ஒரு பேர வுட்டுட்டம்மா, எழுதிக்க. சுப்பராயன், முப்பத்தொம்போது. அதே சந்து. எங்க நைனா."