மூன்றாவது கேள்வி

“கேள்வி கேக்குற அந்தம்மாவுக்குக் காது மந்தம். முணுமுணுக்காம சத்தமா பதில் சொல்லு,” என்றாள் அம்மா.

துடைப்பங்களும் பினாயில் கேன்களும் அடைத்துக்கொண்டிருந்த சிற்றறை. ஒருவர் நிற்கிற இடத்தில் இருவர் நின்றார்கள். அம்மாவின் சீருடை முழங்காலுக்குக் கீழே நனைந்திருந்தது. மகள் இரவல் செருப்புக்குள் விரல்களை மடக்கிக்கொண்டு நின்றாள்.

“முதல் கேள்வி?”

“ஏழைங்க ஏன் சோப்புத்தூளை மொத்தமா வாங்காம, அதிக விலை கொடுத்துச் சின்னச் சின்னப் பாக்கெட்டா வாங்குறாங்க?”

“ரெண்டு?”

“குறைந்தபட்சக் கூலியை ஏத்தினா வேலை குறையுமா?”

“மூணு?”

“உன் முடிவு தப்புன்னு எந்தத் தரவு காட்டும்?”

அம்மா தலையாட்டினாள். எதற்கும் அவளுக்குப் பொருள் தெரியாது. ஆறு வருடமாக, நேர்காணல் நாட்களில் அந்த அறை வாசலில் ஒரே பத்தடித் தரையைத் திரும்பத் திரும்பத் துடைத்து, உள்ளே கேட்டதை ஒரு சொல் சிந்தாமல் சுமந்து வந்திருக்கிறாள். வருடா வருடம் அதே ஏழு கேள்வி, அதே வரிசை. போன வருடம் லிஃப்ட்காரரின் மகன் இவள் வாயால் கேட்டுப் படித்துத்தான் உள்ளே நுழைந்தான்.

“அவ்வளவு படிச்சும் கேள்வியை மாத்தச் சோம்பல் பாரு,” அம்மா சிரிக்கப் பார்த்தாள். “முன்னெல்லாம் நம்ம மாதிரி வீட்டுப் பிள்ளைங்களுக்குன்னு ஆளுக்கொரு பேராசிரியரைத் துணைக்குப் போட்டு இதுக்குப் பழக்குவாங்களாம். அந்தம்மாதான் நடத்தினாங்களாம். நான் இங்க சேர்ந்த வருஷம் மேலிடத்துல அதை இழுத்து மூடிட்டாங்க. அந்தக் கவலையிலதான் காதும் போச்சு போல.”

மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. பொருளாதார முதுகலைக்கான நுழைவுத்தேர்வை மூன்று முறை எழுதி, நேர்காணல் வரை வந்தது இதுதான் முதல் தடவை. வயது வரம்பு இந்த வருடத்தோடு சரி. இது போனால் சலவை ஆலையில் படுக்கை விரிப்பு மடிக்கிற மேசைதான். நேற்று மாலை வரை அங்கேதான் நின்றாள். நீராவி பட்ட கொப்புளம் மணிக்கட்டில் இன்னும் உடையவில்லை.

“பிடிபட்டா என்னம்மா பண்றது?”

“நீ யாரோ, நான் யாரோ. என்ன நடந்தாலும் என் பக்கம் திரும்பாதே.”

அறைக்குள் மேசைக்குப் பின்னால் இருவர் இருந்தார்கள். நடுவில் தலைமைப் பேராசிரியை, பக்கத்தில் கோட்டு போட்ட ஒருவர். கதவு மூடாமல் அடியில் ஒரு மரத்துண்டு செருகியிருந்தது.

“ஏசி வீணாகுது மேடம். சாத்திடலாமா?” என்றார் கோட்டுக்காரர்.

“இருக்கட்டும்!” அந்த அம்மாள் போட்ட சத்தம் வராந்தாவின் கடைசி வரை போய்த் திரும்பியது.

சோப்புத்தூள் கேள்வி வந்தது. “மொத்தமா வாங்குற அளவுக்கு ஒரே நாள்ல கையில காசு இருக்காது,” என்று தொடங்கி மகள் தடுமாறாமல் சொல்லி முடித்தாள். கோட்டுக்காரர் எதையோ குறித்துக்கொண்டார்.

கூலிக் கேள்வி வந்தது. பதில் பாதியில் இருக்கும்போதே கதவிடுக்கில் அம்மாவின் நிழல் அசைவதைப் பார்த்துவிட்டாள். நாக்கு அவள் பேச்சைக் கேட்காமல் ஓடியது.

“…அதனால வேலை குறையணும்னு கட்டாயம் இல்லை. மூணாவதுக்கு, என் முடிவு தப்புன்னு காட்டணும்னா…”

கோட்டுக்காரரின் பேனா நின்றது.

“மூணாவது கேள்வியை நாங்க இன்னும் கேக்கவே இல்லையேம்மா.”

வெளியே துடைக்கிற சத்தமும் நின்றது. அவர் தன் முன்னாலிருந்த தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், எழுந்து போய்க் கதவை வெடுக்கென்று இழுத்தார். மரத்துண்டு தெறித்து உருண்டது. வாசலில் அம்மா வாளியோடு நின்றுகொண்டிருந்தாள்.

“யாரு நீ?”

“துப்புரவு, சார்.”

“இந்தப் பொண்ணு உனக்கு யாரு?”

“தெரியாதுங்க சார். இப்பத்தான் பாக்குறேன்.”

திரும்பாதே என்று சொல்லியிருந்தாள். மகள் திரும்பினாள்.

“எங்க அம்மா சார்.”

அம்மாவின் கையிலிருந்து துடைப்பத்தடி நழுவித் தரையில் விழுந்தது.

“ஒட்டுக்கேட்டது நான்தான் சார்! என் வேலையை எடுத்துக்கங்க. அவளை விட்டுடுங்க. அவ ராத்திரியெல்லாம் உக்காந்து படிச்ச புள்ள சார்!”

“எத்தனை நாளா நடக்குது இது?”

“ஆறு வருஷமா.”

“கேட்டீங்களா மேடம்? ஆறு வருஷமாம்! பட்டியல்ல இருந்து பேரை அடிச்சிடலாம். நான் செக்யூரிட்டியைக் கூப்பிடுறேன்.”

மகள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அம்மா தடியை எடுக்கக் குனிந்தவள், நிமிரத் தெம்பில்லாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். யாருக்கும் கேட்காத குரலில் தனக்குத் தானே முனகினாள்.

“அந்தம்மாவுக்குக் காது கேக்காது. சத்தமா பேசுவாங்க. அது காதுல விழுந்துடுச்சு. நான் என்ன பண்ணுவேன்…”

பேராசிரியை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தார். சுவரோரம் கிடந்த மரத்துண்டை எடுத்து, கதவடியில் பழைய இடத்திலேயே செருகி, செருப்புக் காலால் ஓர் உதை விட்டு இறுக்கினார்.

பிறகு அம்மாவின் முகத்தருகே குனிந்தார். அந்த வராந்தா ஆறு வருடமாகக் கேட்டிராத மெல்லிய குரலில் சொன்னார்:

“எனக்குக் காது நல்லாவே கேக்கும்மா.”