சந்தனமாரி காய்ச்சிய விளக்கெண்ணெய்

"கலப்படம்னு சத்தமாச் சொல்லாதீங்க, ஆளு வாராவ..."

"வரட்டும்ட்டி! மூணு ஞாயித்துக்கிழமை குடிச்சாச்சு. வயித்துல ஒரு சத்தம் உண்டா?"

ஐந்தருவிக்குப் போகும் சாலையோரம், சாரலுக்குத் தார்ப்பாய் கட்டிய கடை. ஆமணக்கு முத்தை வறுத்து, இடித்து, கொதிக்கவிட்டுச் சந்தனமாரி தன் கையாலேயே வடித்த விளக்கெண்ணெய்.

பேதிக்குக் குடிப்பதென்றால் அவள் எண்ணெய்தான் என்று கடையநல்லூரிலிருந்து வந்து வாங்குகிறார்கள். கட்டிய புருஷனே கலப்படம் என்றால் அந்தப் பேர் என்னத்துக்கு ஆகும்?

"அதே பாட்டில்லதான் காலம்பற நானும் குடிச்சேன். நாலு தடவை ஓடியாச்சு. இன்னும் சாட்சி வேணும்னா, அடுத்த தடவைக்குக் கூட வாங்க."

எண்ணெய் வாங்க வந்து நின்ற ஹைருன் பீவி குடைக்குள் சிரித்துவிட்டாள். புருஷன் பலவேசம் சிரிக்கவில்லை.

"அப்போ என் வயிறு கல்லு, அப்படித்தான?"

"அது ஊருக்கே தெரியும்."

பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த மகள் வேல்விழி தலையைத் தூக்கினாள். பார்மசி இரண்டாம் வருஷம் படிக்கிறாள்.

"யம்மா, நீ குடிச்சது மூணு கரண்டி எண்ணெய். நாலு தடவை போன தண்ணி எங்கேருந்து வந்துச்சு?"

சந்தனமாரி யோசித்தாள். முப்பது வருஷத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை.

"எண்ணெய்தான் உள்ள போயித் தண்ணியா மாறுதோ என்னவோ."

"இல்ல, அது உன் உடம்புத் தண்ணி. எண்ணெய் தானா ஒண்ணும் செய்யாது. கணையத்துலேருந்து வார நீருதான் அதை உடைக்கும். உடைஞ்சா ஒரு அமிலம் வரும். அது பட்டாத்தான் குடல் தண்ணியைத் தொறந்து விடும்."

"உடையலைன்னா?" என்றாள் ஹைருன் பீவி.

"உடையலைன்னா எண்ணெய் எண்ணெயாவே வெளிய..."

வேல்விழி நிறுத்திவிட்டாள்.

"கேட்டீங்களாக்கா?" சந்தனமாரி ஜெயித்த முகத்தோடு பாட்டிலை நீட்டினாள். "என் எண்ணெய்ல ஒரு கொறையும் இல்ல!"

வேல்விழி அப்பாவைப் பார்த்தாள். போன தீபாவளிக்கு அளவாக எடுத்த சட்டை, அண்ணனுடையதைப் போட்டுக்கொண்ட தம்பிக்குப் போலத் தோளிலிருந்து இறங்கிக் கிடந்தது.

பக்கத்தில் போய், குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"யப்பா, வெளிக்கிப் போகையில தண்ணி மேல எண்ணெய் மிதக்குதா?"