அரைமணி நேரச் சூடு

அப்பாவின் மூளையில் கசங்கிக் கிடக்கும் புரதங்களை நீவி, ஒழுங்காக மடித்து வைப்பதற்கு ஒரு துணைப்புரதம் இருக்கிறது. அதைத் தினமும் காலையில் ஊசியில் போட்டு, அவரை அரைமணி நேரம் சூட்டறையில் உட்கார வைக்க வேண்டும். சூடு பட்டால்தான் அது விழித்துக்கொண்டு வேலை செய்யும்.

ஆறு மாதம் நான் கண்டிப்பாகத்தான் இருந்தேன். என்னையே மறந்திருந்த அப்பா, இரண்டாம் மாதமே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "வேகுது வேணி, ஃபேன் போடும்மா" என்று அவர் கெஞ்சியபோதெல்லாம் கதவை வெளியே தாழிட்டேன்.

சித்திரையில் ஒருநாள் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். மனசு கேட்கவில்லை. ஐந்து நிமிடம்தானே என்று ஃபேனைப் போட்டேன். பிறகு தினமும் அரைமணி நேரமும் அது ஓடியது. ஆஸ்பத்திரியில் கொடுத்த சிகிச்சை அட்டையில் மட்டும், சூடு கொடுத்தாயிற்று என்று டிக் அடித்து வந்தேன்.

இன்று பரிசோதிக்க வந்த நர்ஸ் என்னைக் காட்டி, "இவங்க யாருன்னு தெரியுதாய்யா?" என்று கேட்டாள்.

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பேரு தெரியல. தங்கமான பொண்ணு. இவதான் எனக்கு ஃபேன் போடுவா. என் மக வேணி இருக்காளே, அவ போடவே மாட்டா."