ஆயிரம் மழை

ஏரிக்கரை உடையுமா என்று பார்க்க இருதயராஜ் கணினியில் ஆயிரம் மழையைப் பெய்ய வைத்தான். ஒன்றில்கூட ஊர் மூழ்கவில்லை. அதை நம்பி, வெள்ள நிவாரண முகாமில் இருந்தவர்களை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

கணினி வரைந்த வெள்ளப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்த, அவனோடு வேலை பார்க்கும் செண்பகவல்லி கையை நிறுத்தினாள். "எல்லாத்துலயும் மழை நாலு மணிக்கே நிக்குதே, ராஜ்?"

ஒவ்வொரு தடவையும் மழை தற்செயலாக மாற வேண்டும். சோதித்துப் பார்ப்பதற்காக அதை மாறாமல் பூட்டி வைத்தவன் திறக்க மறந்திருந்தான். ஆயிரம் தடவையும் பெய்தது ஒரே மழை.

பூட்டை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினான். முதல் படத்திலேயே ஊர் வெள்ளத்தில் நீலமானது. அவள் தாலுகா ஆபீசுக்குப் போன் போட்டாள்.

"அதான் ஆயிரம் தடவை பாத்தாச்சே மேடம்," என்றது எதிர்முனை. "ஜனங்க பாதி வழி போயிருப்பாங்க."

மணி நாலேகால். ஜன்னலில் மழை வலுத்துக்கொண்டிருந்தது.