சாக மறுத்த பதினேழு

"பதினேழு இன்னும் சாகலை, எஜே."

மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான் ஜெனிஷ். பிஷ்கெக் நகரமே அன்று நவ்ரூஸ் பண்டிகையில் இருந்தது. ஆராய்ச்சி நிலையத்தின் இரண்டாம் மாடியில் மட்டும் இரண்டு பேர் புற்றுநோய் செல்களைக் கொன்றுகொண்டிருந்தார்கள்.

"மத்ததெல்லாம்?" என்றார் கனிகேய். ஆய்வகத்தின் தலைவி, ஐம்பத்திரண்டு வயது. அங்கே சின்னவர்கள் எல்லோருக்கும் அவர் எஜே, அதாவது அக்கா.

"பதினாலு, பதினஞ்சு, பதினாறு மூணும் காலி. மருந்து பட்டதும் பொசுக்குனு போயிடுச்சு. இது மட்டும் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கு."

ஆஸ்பத்திரியிலிருந்து வரும் கட்டித் துணுக்குகளுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். எந்த மருந்தில் எது சாகிறது என்று பார்த்துச் சொன்னால், டாக்டர்கள் அதையே அந்த நோயாளிக்குக் கொடுப்பார்கள். எதிலும் சாகாவிட்டால் கொடுக்க ஒன்றுமில்லை. பதினேழுக்குத் திங்கட்கிழமை கெடு.

கனிகேய் மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார்.

"இதுக்கு மேல்தோல்ல ரிசப்டரே இல்ல, ஜெனிஷ். 'செத்துப் போ'ன்னு நாம வெளியிலேருந்து உத்தரவு போடறோம். அதை வாங்கிக்கக் காது வேணாமா? செவிடன் காதுல ஊதின சங்குதான்."

"அப்ப உள்ளே புகுந்துதான் கொல்லணும்."

"மைட்டோகாண்ட்ரியாவை உடைக்கற மருந்து மிச்சம் இருக்கா?"

"கடைசிக் குப்பி. காலையிலேயே எடுத்து வெச்சுட்டேன்."

"போடு. அது ஓட்டையாச்சுன்னா உள்ளே இருக்கறதெல்லாம் கசியும். அப்புறம் செல் தன்னைத் தானே வெட்டிக்கும். யாரும் உத்தரவு போட வேண்டாம்."

மருந்தைப் போட்டார்கள். நாலு மணி நேரம் காத்திருக்க வேண்டும். கனிகேய் டீ ஊற்றி, வீட்டிலிருந்து கொண்டுவந்த பூர்சோக் என்ற பொரித்த மாவுத் துண்டுகளைத் தட்டில் கொட்டினார்.

"பண்டிகையும் அதுவுமா இங்கே வந்து குந்திக்கிட்டிருக்கியே, உன் பொண்டாட்டி விளக்குமாத்தைத் தூக்கலையா?"

"அவங்கம்மா வீட்டுல பண்டிகைக்குச் சுமலக் கஞ்சி கிண்ட இருபது பேர் இருக்காங்க. நீங்கதான் எஜே, வீட்டுல படுத்திருக்கணும். ஆபரேஷன் ஆகி மூணு வாரம்தான் ஆச்சு."

"பித்தப்பையில கல்லு எடுத்ததெல்லாம் ஒரு ஆபரேஷனா? சாப்பிடுடா."

அவன் ஒன்றை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"இந்தப் பதினேழுக்கு விஷயம் தெரியுமா?" என்று கேட்டார் கனிகேய்.

"தெரியாதாம். வீட்டுல சொல்ல வேண்டாம்னுட்டாங்களாம். டாக்டரும் வேற ஏதோ சாதாரண வியாதின்னு சொல்லி வெச்சிருக்காராம்."

அதில் புதுமை ஒன்றும் இல்லை. அந்த ஊரில் புற்றுநோய் என்றால் டாக்டர் உறவினரைத்தான் தனியே கூப்பிட்டுச் சொல்வார். நோயாளியிடமே சொல்கிறவனுக்குக் கல்நெஞ்சன் என்று பெயர்.

"பைத்தியக்காரங்க," என்றார் கனிகேய், கோபமே இல்லாமல். "எப்படித் தெரியாமப் போகும்? இருபத்தஞ்சு வருஷமா விருந்துல மருமகளுக்கு வெறும் கழுத்து எலும்பைத் தள்ளிவிட்ட மாமியார், திடீர்னு பெரிய மனுஷிகளுக்கு வைக்கற கறியை எடுத்து அவ தட்டுல வைப்பா. அன்னிக்கே தெரிஞ்சுடும்."

ஜெனிஷ் எழுந்து போய், ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்தான்.

நாலு மணி நேரம் கழிந்தது. செல்கள் இருந்த தட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்தவன் குனிந்து பார்க்காமல் நகர்ந்துகொண்டான்.

"நீங்களே பாருங்க, எஜே. எனக்குக் கண்ணு பூத்துப் போச்சு."

கண்ணுக்கு ஒன்றுமில்லை. அவனுக்குப் பயம்.

செத்த செல் சிவப்பாகத் தெரியும், உயிரோடு இருப்பது பச்சையாக. கனிகேய் ஒரு தடவை எண்ணினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினார். பிறகு, ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த நல்ல செல்களின் தட்டையும் வைத்துப் பார்த்தார்.

"எழுதிக்கோ," என்றார், தக்காளி விலை சொல்வது போல. "நூத்துக்கு எண்பது செத்தாச்சு. நல்ல செல்லுக்கு ஒண்ணும் ஆகலை. இந்த மருந்தைத் தொடங்கலாம்னு ஆஸ்பத்திரிக்கு எழுதிடு."

ஜெனிஷ் பேனாவை எடுத்தான். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதான்.

"என்னடா, செல் செத்ததுக்கா அழறே?"

"சந்தோஷம், எஜே. மூணு வாரமா வேலை பார்த்தது வீண் போகலை."

"ரொம்பக் குதிக்காதே. தட்டுல சாகறது வேற, உடம்புல சாகறது வேற. ஆனா ஒரு வழி இருக்குன்னு ஆச்சு."

டீக் கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவர் கோட்டை மாட்டிக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பினார்.

"ஜெனிஷ், எங்க வீட்டுக்காரர் காலையிலேருந்து உன் போனுக்குத்தான் காத்துக்கிட்டிருக்காரு. பதினேழு செத்துடுச்சுன்னு உடனே சொல்லிடு. எனக்குத் தெரியும்கிறதை மட்டும் சொல்லிடாதே. பொய்யே சொல்லத் தெரியாத மனுஷன், மூணு வாரமா எனக்காகக் கஷ்டப்பட்டுச் சொல்லிக்கிட்டிருக்காரு."