இரண்டிலிருந்து மூன்றுக்கு

"ரெண்டாவது கியர்லேர்ந்து மூணாவதுக்கு மாறும்போது ஒரு உதறு உதறுது பாருங்க, போன வாரம் என் பல்செட்டு முன் கண்ணாடியில போய் மோதிடுச்சு!" என்றார் மச்சான்.

மச்சான் என்றால் மெக்கானிக்குக்கு அல்ல, வண்டிக்காரருக்கு. மனைவியின் அண்ணன். வண்டிக்காரர் முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வண்டிக்கு வயது இருபத்தாறு. தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் ரகம். மச்சானுக்கு வண்டியும் கிடையாது, லைசென்ஸும் கிடையாது. வண்டி ஓட்டுவதைப் பற்றித் தெரியாத விஷயமும் கிடையாது.

"ஞாயித்துக்கிழமை என் பொண்ணு வீட்டுக்குக் கிளம்புறோம். எட்டு மணி நேரப் பயணம். அதுக்குள்ள சரியாகலேன்னா பயணமே ரத்து!" என்றார் மச்சான்.

"வயசான வண்டிங்க," என்றார் வண்டிக்காரர் சோகமாக. "கியர்பாக்ஸே போயிருக்கும். முடியலேன்னா முடியலேன்னு சொல்லிடுங்க. நாங்க மனசைத் தேத்திக்கிறோம்."

முடியவில்லை என்ற வார்த்தைதான் மெக்கானிக்குக்கு ஆகாதது. மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. ஒருமுறை போனில் இருமல் சத்தத்தை மட்டும் கேட்டே, கார்புரேட்டரில் அடைப்பு என்று சொன்னவர். இருமியது வண்டி அல்ல, வண்டியின் சொந்தக்காரர் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனால் கழற்றிப் பார்த்தபோது கார்புரேட்டரிலும் அடைப்பு இருக்கத்தான் செய்தது.

கியர் ஆயில் பார்க்கும் குச்சியை உருவினார். மோந்து பார்த்தார். தீய்ந்த வாடை இல்லை, நல்ல சிவப்பு. அடியில் படுத்து ஆயில் தட்டைக் கழற்றினார். உள்ளே இருந்த காந்தத்தில் இரும்புத்தூள் ஒரு சிட்டிகைகூடத் தேறவில்லை.

"உள்ளே குழந்தை மாதிரி இருக்கே! சாவியைக் குடுங்க, ஓட்டிப் பார்த்துடுவோம்."

"நான்தான் ஓட்டுவேன்," என்றார் வண்டிக்காரர். "வேத்துக் கை பட்டா இது கோவிச்சுக்கும்."

மெக்கானிக் முன் சீட்டில் உட்கார்ந்தார். மச்சான் வேண்டாவெறுப்பாகப் பின்னால் போனாலும், தலையை இரண்டு சீட்டுக்கும் நடுவில் கொண்டுவந்து வைத்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை, சைக்கிள் வருது. மாப்பிள்ளை, ஹாரன். அந்த நாயைப் பாருங்க மாப்பிள்ளை, குறுக்கே வரலாமா வேண்டாமான்னு அது யோசிக்குது. மாப்பிள்ளை, நான் என்ன சொல்றேன்னா..."

வண்டி மூன்றாவது கியருக்குப் போனது. டமார்! மெக்கானிக்கின் நெற்றி கண்ணாடிவரை போய்த் திரும்பியது. மச்சானின் பல்செட்டு மடியில் விழுந்தது.

"ஃபாத்தீங்ஃளா! நாந்தான் ஃபொன்னேன்ல!"

அதைத் தேடித் துடைத்து மாட்டும்வரை, அந்தத் தெரு முழுக்க வண்டிக்குள் அப்படி ஓர் அமைதி. வண்டிக்காரர் கண்ணை லேசாக மூடித் திறந்தார். பாவம், துக்கத்தை அடக்குகிறார் என்று மெக்கானிக் எடுத்துக்கொண்டார்.

திரும்பி வந்து, ஆக்சிலேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கேபிளை இரண்டு சுற்று தளர்த்தினார். மறுபடி போனார்கள். டமார்! இன்ஜினைத் தாங்கும் ரப்பரை மாற்றினார். மறுபடி போனார்கள்.

"மாப்பிள்ளை, லாரிக்காரனுக்கு வழி விடுங்க. நீங்க பஸ்ஸையும் இப்படித்தான் ஓட்டினீங்களா மாப்..."

டமார்!

இந்த முறை பல்செட்டு பறந்தது. மெக்கானிக்கின் காதை உரசி, ஸ்டியரிங்கில் பட்டு, வண்டிக்காரரின் காலடியில் போய் விழுந்தது.

"இருங்க, நான் எடுக்கிறேன்," என்று மெக்கானிக் குனிந்தார். குனிந்தபடியே எடுத்துப் பின்னால் நீட்டினார். மச்சான் அதை மாட்டி மறுபடி "மாப்பிள்ளை" என்று ஆரம்பிக்க, நிமிரப் போன மெக்கானிக் அப்படியே நின்றுவிட்டார்.

வண்டி அடுத்த முறை கியர் மாறும் நேரம். வண்டிக்காரரின் இடது கால் மெல்ல எழுந்தது. கிளட்சே இல்லாத வண்டியில், கிளட்ச் இருக்கவேண்டிய இடத்தைத் தேடிப் போனது. அகலமான பிரேக்கை ஒரு மிதி மிதித்தது. பிறகு ஒன்றும் அறியாததுபோல் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

"நிறுத்துங்க வண்டியை!" என்று கத்தினார் மெக்கானிக். தன் தலைப்பாகையை அவிழ்த்து அந்த இடது காலை சீட்டோடு சேர்த்து மூன்று சுற்று கட்டினார். "இப்ப ஓட்டுங்க!"

வண்டி, ஈரத் தரையில் விட்ட சோப்பு மாதிரி போனது. ஒன்று, இரண்டு, மூன்று, எதுவும் தெரியவில்லை. பல் மாட்டிய மச்சான் பட்டறை வரும்வரை எழுபத்துநாலு யோசனை சொன்னார், ஒன்றுகூடத் தடைபடவில்லை.

"கியர்பாக்ஸ் பத்தரை மாத்துத் தங்கம்!" என்று மெக்கானிக் மார்தட்டினார். "முப்பத்திரண்டு வருஷப் பழக்கம், காலு மறக்கலை. அவ்வளவுதான்!"

"அப்ப ஞாயித்துக்கிழமை கிளம்பலாம்!" என்று மச்சான் துள்ளினார். "முன் சீட்டு எனக்கு. எட்டு மணி நேரமும் நான் பக்கத்துல உக்காந்து சொல்லிக்கிட்டே வரேன், நீங்க ஓட்டுங்க மாப்பிள்ளை!" பல்லைக் கழுவுவதற்காகக் குழாயடிக்குப் போனார்.

வண்டிக்காரர் இறங்கவில்லை. கட்டிய கால் கட்டியபடியே இருந்தது.

"வெக்கப்படாதீங்க. பழகின காலு, உடனே விடாது," என்றார் மெக்கானிக்.

வண்டிக்காரர் குழாயடியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பழக்கம் வண்டி வாங்கின மறுநாளே விட்டுப்போச்சுங்க. பல்லு கழண்டு விழுந்தாத்தான் மனுசன் பேச்சு நிக்குது... அதை விடுங்க, ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்தக் கியர்பாக்ஸை நிஜமாவே கெடுத்துத் தர முடியுமா?"